பாடாத பெட்டி

காருக்குள் பாட்டுக் கேட்க வைக்கும் சாமான்களில் ஸ்பீக்கரின் இடத்தைக் காது தீர்மானிக்கிறது. கொஞ்சம் முன்னே தள்ளி வைத்தால் பாடுகிறவர் கண்ணாடிப் பக்கம் நகர்கிறார். பின்னே தள்ளினால் முழங்காலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறார். ஸ்டீரியோ செட்டின் இடத்தைக் கை தீர்மானிக்கிறது. எட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் சாட்சி சொல்ல ஒரு புலனும் கிடையாது. அது பாடாது. அதைத் தொடவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். ஒழுங்காக மாட்டியிருந்தால், சீட்டுக்கு அடியில் இருந்தாலும் டிக்கியில் இருந்தாலும் பாட்டு அதே பாட்டு. நல்ல ஒலிக்காகப் பல ஆயிரம் செலவழிக்கத் துணிந்த ஒருவர், தன் காதை வீட்டில் விட்டுவிட்டு வந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

அதனால்தானோ என்னவோ, பலரும் இந்த முடிவை எடுப்பதே இல்லை. கடைக்காரர் எடுக்கிறார். அவரும் எடுக்கிறார் என்று சொல்ல முடியாது. எந்த மூலை காலியாகத் தெரிகிறதோ அங்கே பெட்டி போய்ச் சேர்கிறது. காருக்குள் காலியிடம் என்று ஒன்று உண்டா என்பதே எனக்குச் சந்தேகம். காலியாகத் தெரிவதெல்லாம் யாருக்கோ எழுதிவைக்கப்பட்டது: பின்சீட்டுக்காரரின் பாதத்துக்கு, ஏசி காற்று பின்னால் போகும் குழாய்க்கு, இடிபட்டால் மடங்கிக்கொடுக்க வேண்டிய தகட்டுக்கு, பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது கூடவே வரும் அரிசி மூட்டைக்கு.

எங்கே வைப்பது என்ற கேள்வி ஒன்றும் புதிதல்ல. கார் ரேடியோவின் வயது எதுவோ அதுவே இதன் வயதும். 1930-ல் சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கிய நாட்களில் அது ஒரே பெட்டிக்குள் அடங்குகிற சாதனமாக இல்லை. வால்வு காலம். காரின் பேட்டரி தரும் மின்னழுத்தம் வால்வுகளுக்குப் போதாது. அவற்றுக்கென்று தனி பேட்டரிகள் வேண்டும். காலடித் தரைக்குக் கீழே பெட்டி கட்டி அவற்றை இறக்கினார்கள். 1932-ல் ஜெர்மனியின் பிளாபுங்க்ட் கொண்டுவந்த ஏஎஸ் 5 ரேடியோ ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி. விலையோ காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அது ஓட்டுநர் கைக்கு எட்டுகிற இடத்தில் நுழையாது. ஆகவே பெட்டியைக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, குமிழை மட்டும் ஸ்டீயரிங் தண்டில் மாட்டினார்கள். இன்று நாம் செட்டை முன்னாலும் ஆம்ப்ளியைப் பின்னாலும் வைக்கிறோமே, அந்தப் பிரிவினை அப்போதே நடந்துவிட்டது.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, எல்லாம் சுருங்கியது, டேஷ்போர்டுக்குள்ளேயே அடங்கியது. 1970-களில் அமெரிக்காவில் ஜிம் ஃபாஸ்கேட் போன்றவர்கள், அந்தச் சின்ன செட்டுக்குள் இருக்கும் சக்தி போதவில்லை என்று மறுபடியும் தனிப் பெட்டி செய்யத் தொடங்கினார்கள். இடப் பிரச்சினையும் மறுபடி முளைத்தது. இதற்குக் கிடைத்த விடைகளிலேயே எனக்குப் பிடித்தது 1983 மாடல் காடிலாக் செவில் போன்ற கார்களுக்காக போஸ் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து செய்தது. ஒவ்வொரு ஸ்பீக்கர் கூட்டுக்குள்ளும் அதற்கென்று ஒரு ஆம்ப்ளியையே வைத்துவிட்டார்கள். எங்கே வைப்பது என்ற கேள்வியை நாலாகப் பிய்த்து, நாலையும் கதவுக்கும் பின்தட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். காரை வரையும்போதே ஒலியையும் சேர்த்து வரைகிற கம்பெனிக்குத்தான் அந்தச் சலுகை. வாங்கி முடித்த காருக்குள் பெட்டியோடு நுழைகிற நமக்கு அது இல்லை.

நமக்கு மூன்று வயர்கள் இருக்கின்றன. பேட்டரியிலிருந்து வரும் கனமான வயர் ஒன்று. செட்டிலிருந்து வரும் மெல்லிய ஆர்சிஏ வயர் ஒன்று. ஸ்பீக்கருக்குப் போகும் வயர் ஒன்று. ஆம்ப்ளியை எங்கே வைத்தாலும் இவற்றில் ஏதோ ஒன்று நீளும். பேட்டரி பக்கம் வைத்தால் மின்சாரம் சுகமாக வரும். ஆனால் பானட்டுக்குள் இருக்கும் சூட்டிலும் ஈரத்திலும் எந்தப் பெட்டியும் தாங்காது. டிக்கியில் வைத்தால் கார் முழுக்கக் கனமான வயரை இழுக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் 3 சீரிஸ் கார்களில் பல தலைமுறைகளாக பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது. எடையை முன்னும் பின்னும் சமன் செய்வதற்காகச் செய்தது, ஆனால் ஆம்ப்ளி மாட்டுகிறவருக்கு அது கொடுப்பினை.

வயர் நீண்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். 16 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள நல்ல செம்பு வயரில் ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 1.1 மில்லி ஓம். 5 மீட்டர் ஓட்டத்தில் 50 ஆம்பியர் போனால் கால் வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கடையில் செட்டாகக் கட்டி விற்கும் மலிவு வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியவை. நுனியை வெட்டி ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் அது கடத்தும். மேலே இருக்கும் ரப்பர் உறை மட்டும் தடியாக இருக்க, உள்ளே 8 சதுர மில்லிமீட்டர்தான் இருந்தால், அதே ஓட்டத்தில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கிப் பிரகாசிக்கிற கார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இந்த வயர்தான்.

சென்னையில் இந்த வேலைக்குப் பலரும் போகிற இடம் அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. சீட் கவர், சன் ஃபிலிம், ஹார்ன், ஸ்டீரியோ என்று இரண்டு பக்கமும் கடைகள். பல கார்களுக்குச் சாலையோரமே பட்டறை. நண்பர் ஒருவர் தன் ஹேட்ச்பேக் காரை அங்கே கொண்டுபோனபோது நானும் கூடப் போயிருந்தேன். வேலை பார்த்த இளைஞர் முதலில் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பின்சீட்டின் அடிமெத்தையை முன்விளிம்பில் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார், கிளிப் கழன்று மேலே வந்தது. கார்ப்பெட்டை ஒதுக்கியதும் வட்டமான ஒரு மூடி தெரிந்தது.

"இதுக்கு அடியிலதான் சார் டாங்க் இருக்கு. இங்க செல்ஃப் ஸ்க்ரூ எறக்குனா நேரா பெட்ரோல்லதான் போயி நிக்கும்."

நண்பர் சட்டென்று ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பெரும்பாலான சின்னக் கார்களில் டாங்க் இருப்பது பின்சீட்டுக்கு அடியில்தான் என்பது அவருக்கு அன்றுவரை தெரிந்திருக்க அவசியம் வந்ததில்லை. துளை போடுவதற்கு முன் காருக்கு அடியில் குனிந்து பார் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். டாங்க், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வயர் கட்டு என்று கீழே ஓடுவது எதுவும் மேலே இருப்பவருக்குத் தெரியாது.

நண்பர் மனதில் ஒரு படத்தோடு வந்திருந்தார். டிக்கியின் தரையில் அக்ரிலிக் பலகை, அதற்குள் நீல விளக்கு, நடுவில் ஆம்ப்ளி. திறந்தால் பளிச்சென்று இருக்க வேண்டும். இந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். காசு போட்டு வாங்கிய பொருளை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அவர் அம்மாவின் சக்கர நாற்காலி அந்த டிக்கியில்தான் ஏறுகிறது. மடக்கினாலும் அது படுத்த வாக்கில் முழு இடத்தையும் கேட்கும், அதன் இரும்புக் கால் அக்ரிலிக்கைப் பார்த்து வராது. இதை நண்பர் தானாகச் சொல்லவில்லை. வேலை பார்த்தவர் டிக்கிக் கார்ப்பெட்டில் இருந்த இரண்டு தேய்ந்த கோடுகளைக் காட்டி, "இது என்னா சார் வைக்கிறது?" என்று கேட்ட பிறகுதான் வந்தது.

சரி, சீட்டுக்கு அடியில். இன்று சின்ன ஆம்ப்ளிகள் வருவதால் பலருக்கும் முதலில் தோன்றுகிற இடம் இதுதான். வயர் ஓட்டம் குறைவு, கண்ணில் படாது, டிக்கி மிச்சம். ஆனால் முன்சீட்டுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கணிசம். சீட் முன்னும் பின்னும் ஓடும் தண்டவாளம். சில கார்களில் பின்பக்கத்துக்குப் போகும் ஏசி குழாய். சீட் பெல்ட் எச்சரிக்கைக்கான வயர். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டிலேயே இருக்கிற கார்களில் அதற்கான மஞ்சள் நிற இணைப்பு. மஞ்சளைப் பார்த்தால் கை எடுத்துவிட வேண்டும். அங்கே ஒரு பெட்டியை நெருக்கி வைத்து, சீட்டை நகர்த்தும்போது அந்த வயர் மாட்டி இழுபட்டால், அப்புறம் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் நிற்கும். விளக்கு எரிந்தால் பரவாயில்லை, வேண்டிய நேரத்தில் பை விரியாமல் போகலாம் என்பதுதான் விஷயம்.

நண்பருக்கு இதைவிடப் பெரிய தடை வேறு. அவர் வீடு வேளச்சேரியில். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தையும் பார்த்த தெரு. காருக்குள் தண்ணீர் புகுந்தால் அது முதலில் தொடுவது தரைக் கார்ப்பெட்டை. அதன்மேல் படுத்திருக்கும் ஆம்ப்ளி சீட் மெத்தை நனைவதற்கு முன்பே முடிந்துவிடும். கணுக்கால் அளவுகூட வேண்டாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு விரலளவுத் தண்ணீர் போதும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளமும் இதே கதைதான். அங்கே வைத்துப் பலகை போட்டு மூடினால் அழகாக இருக்கும், ஆனால் டிக்கிக் கதவின் ரப்பர் கிழிந்தால் வடியும் மழைத்தண்ணீர் முழுவதும் வந்து தேங்குகிற குழி அது. பஞ்சராகி நடுச்சாலையில் நிற்கும்போது ஸ்டெப்னியை எடுக்க ஆம்ப்ளியைக் கழற்றுகிற காட்சி வேறு.

இப்படி ஒவ்வொரு இடமாக அடிபட்டுக்கொண்டே வந்ததில், யாரும் யோசிக்காத ஒன்று மிஞ்சியது. அதைச் சொல்வதற்கு முன் சூட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆம்ப்ளியின் உண்மையான எதிரி தண்ணீர்கூட இல்லை, சூடுதான்.

பழைய ஏபி வகை ஆம்ப்ளி ஒன்று 500 வாட் ஒலிச்சக்தி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். திறன் 60 சதவீதம் என்றால் அது பேட்டரியிடம் வாங்குவது 830 வாட்டுக்கு மேல், 13.8 வோல்ட்டில் சுமார் 60 ஆம்பியர். கொடுத்த 500 போக மீதி 330 வாட் சூடாக வெளியேறுகிறது. டி வகை ஆம்ப்ளியின் திறன் 85 சதவீதம் என்றால் அதே வேலைக்குச் சூடு 90 வாட்டுக்குள் நின்றுவிடும். பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடாது என்பதால் உண்மையான சராசரி இதில் ஒரு பகுதிதான். இருந்தாலும் விகிதம் மாறாது. ஏபி வகையில் ஒரு விசித்திரம் உண்டு. முழுச் சத்தத்தில் வைத்தால்தான் அதிகம் சூடாகும் என்று நினைப்போம். இல்லை. முழுச் சக்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் கொடுக்கும்போதுதான் டிரான்சிஸ்டர்களில் வீணாகும் சக்தி உச்சத்தில் இருக்கும். கொண்டாட்டமாக ஐந்து நிமிஷம் அலறவிட்டதால் அல்ல, திருச்சி வரைக்கும் நிதானமாகக் கேட்டுக்கொண்டே போவதால்தான் பெட்டி கொதிக்கிறது.

இந்தச் சூடு வெளியேறப் பெட்டியின் மேல் வரிவரியாக அலுமினியத் தகடுகள். அவற்றுக்கு நடுவே காற்று ஏற வேண்டும். சூடான காற்று மேலே போகும் என்பதை எல்லோரும் படித்திருக்கிறோம், ஆனாலும் பார்சல் ட்ரேயின் அடிப்பக்கத்தில் ஆம்ப்ளியைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். அப்போது தகடுகள் கீழே, மின்பலகை மேலே. வெளியேற வேண்டிய சூடு திரும்ப உள்ளேயே போய்ச் சேர்கிறது. வீட்டில் ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, பில் ஏன் ஏறுகிறது என்று கேட்கிற அதே பழக்கம். கார்ப்பெட்டுக்கு அடியில் புதைப்பதும் இதே ரகம்தான், அங்கே கம்பளி வேறு போர்த்திவிடுகிறோம். கத்திரி வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பெட்டி வேலையைத் தொடங்குவதே அந்தச் சூட்டிலிருந்து. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் வழங்கும் கணக்கு. எனவே வைக்கும் இடம் தப்பானால் ஆம்ப்ளி உடனே சாவதில்லை. ஐந்து வருஷம் ஓட வேண்டியது இரண்டு வருஷத்தில் போகும், நாம் கம்பெனியைத் திட்டுவோம்.

சப் ஊஃபர் பெட்டியின் மேலேயே ஆம்ப்ளியைத் திருகிவிடுகிறார்களே, அதைப் பற்றி எனக்கு இரக்கமே கிடையாது. மரப்பெட்டி, ஸ்க்ரூ சுலபமாக ஏறும், காருக்குத் துளை வேண்டாம், வேலை பத்து நிமிஷம். ஆனால் அந்தப் பெட்டி அதிர்வதற்கென்றே செய்யப்பட்டது. அதன் முதுகில் இருக்கும் ஆம்ப்ளிக்குள் கனமான சுருள்களும் மின்தேக்கிகளும் மெல்லிய ஈயப்பற்றில் நிற்கின்றன. மாதக்கணக்கில் ஆடி ஆடி ஒரு நாள் பற்று விடும். சத்தம் விட்டுவிட்டு வரும். அதைக் கண்டுபிடிக்க முடியாமல் செட்டை மாற்றுவார்கள்.

நண்பரின் காரில் கடைசியாக மிஞ்சிய இடம் டிக்கியின் இடது பக்கச் சுவர். சக்கர வளைவுக்கு மேலே, பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே ஒரு பொந்து. இளைஞர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, கையை முழங்கை வரைக்கும் விட்டு அளந்தார். டி வகைச் சின்னப் பெட்டி நெட்டுக்குத்தாக நிற்கும். தகடுகள் செங்குத்து, காற்று ஏறும். தரைக்கு ஒரு முழத்துக்கு மேல் உயரம். சக்கர நாற்காலி உள்ளே போகிற வழியில் இல்லை. குறை என்னவென்றால் தகட்டில் வளைத்து ஒரு தாங்கி செய்ய வேண்டும், மூடியில் சல்லடை வெட்ட வேண்டும். வேலைக் கூலி கூடும். நண்பர் முகத்தில் நீல விளக்கு அணைந்ததை நான் பார்த்தேன், ஆனால் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்தது எர்த். தரையிலும் சுவரிலும் போல்ட்டுகள் ஏற்கெனவே இருக்க, புதிதாகத் துளை எதற்கு என்று நண்பருக்கு யோசனை.

"தம்பி, சீட் பெல்ட் போல்ட்லயே எர்த் எடுத்துரலாமே? நல்லா கெட்டியா இருக்கே."

"வேணாம் சார். அது உசுரப் புடிக்கிற போல்ட்டு. அத நாம தொடக்கூடாது."

ஓரடி தள்ளி ஓர் இடம் பார்த்து, உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்கத் தொடங்கினார். முதலில் காரின் நிறம் போனது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பூச்சு. அதுவும் போய், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரும்பு மினுங்கியதும் விரலை எடுத்தார். வயர் நுனியில் நசுக்கிப் பொருத்திய லக்கை அதன்மேல் வைத்து, பல் வாஷர் போட்டு முடுக்கினார். பிறகு விரல் நுனியில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து மேலே பூசினார், துரு ஏறாமல் இருக்க. இந்த வயர் அரை மீட்டர்கூட இல்லை. பேட்டரியிலிருந்து வரும் வயர் எவ்வளவு தடியோ இதுவும் அவ்வளவு தடி. போகிற மின்சாரம் அத்தனையும் திரும்ப வந்தாக வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகும். வருகிற வழிக்குத் தடி வயரும் திரும்பும் வழிக்கு நூல் வயரும் போட்டுவிடுவார்கள்.

எர்த் சரியில்லாத காரை அடையாளம் காண்பது சுலபம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஙொய்யென்று ஒரு இரைச்சல் ஏறும். அது ஆல்டர்னேட்டரின் குரல். 6 ஜோடித் துருவங்கள் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை மின்சாரத்தில் விட்டுவைக்கும். வண்டி நின்றபடி எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓட, பெல்ட் அதை இரண்டரை மடங்காக்கினால் ஆல்டர்னேட்டருக்கு 2000 சுற்று. நொடிக்கணக்கில் பார்த்தால் 1200 ஹெர்ட்ஸ். மனிதக் காது நன்றாகவே பிடித்துக்கொள்கிற சுருதி. டேஷ்போர்டில் செட்டுக்கு ஓர் எர்த், டிக்கியில் ஆம்ப்ளிக்கு இன்னோர் எர்த். இரண்டுக்கும் நடுவே பாடியின் வழியே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தால் அந்தச் சிற்றலை ஆர்சிஏ வயரின் உறையில் ஏறிப் பாட்டுக்குள் வந்துவிடும். பேட்டரி வயரைக் காரின் ஒரு ஓரமாகவும் ஆர்சிஏ வயரை மறு ஓரமாகவும் கொண்டுபோவது நல்ல பழக்கம்தான், ஆனால் கெட்ட எர்த்துக்கு அது மருந்தல்ல. பாடாத பெட்டி தன் இருப்பைக் காதுக்குத் தெரிவிக்கிற நேரம் இது ஒன்றுதான்.

புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்துப் போட்டிருக்கிற கடைகளில் நடந்தால் இந்தத் தீர்மானங்களின் தடயம் கிடைக்கும். டிக்கித் தகட்டில் நாலு ஸ்க்ரூ துளை, ஒவ்வொன்றையும் சுற்றித் துரு வட்டம். பின்சீட்டின் முதுகுத் தகட்டில் அறுத்த ஓட்டை. வயர் போன பாதையில் ரப்பர் புஷ் இல்லாமல் உரசி வழவழப்பான இரும்பு விளிம்பு. இந்தக் கடைசித் தடயம்தான் பயப்பட வேண்டியது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் தகட்டு விளிம்பு வயரின் உறையைத் தின்றுவிட்டால், பேட்டரியின் முழு மின்சாரமும் பாடியில் இறங்கும். அதற்காகத்தான் பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் ஃபியூஸ் வைக்கச் சொல்கிறார்கள். அந்த ஃபியூஸ் ஆம்ப்ளியைக் காப்பதற்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆம்ப்ளிக்கு அதன் உடம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது. பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் வயருக்காக, அதாவது காருக்காக, காருக்குள் இருப்பவர்களுக்காக. டிக்கி வரை வயரை இழுத்துவிட்டு ஃபியூஸையும் டிக்கியிலேயே வைக்கிறவர் அந்த 5 மீட்டரையும் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்.

ஒளித்துவைக்க வேண்டும் என்ற ஆசை கார் வைத்திருப்பவரின் ஆசை. பேருந்துக்காரருக்கு அது கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்துத் தனியார் பேருந்துகளில் பாட்டு எப்படி ஒலிக்கும் என்று அந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல வண்டிகளில் ஆம்ப்ளி ஓட்டுநரின் தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலோ, கம்பி வலைக் கதவு போட்ட பெட்டிக்குள் எல்லோருக்கும் தெரிய நிற்கும். கெட்டுப்போனால் ஸ்டாண்டில் அடுத்த நடைக்குக் கிடைக்கிற இடைவெளிக்குள் சரிசெய்ய வேண்டும், ஒளித்துவைக்க நேரமில்லை. அங்கே தொல்லை வேறு மாதிரி. பேருந்தின் மின்சாரம் 24 வோல்ட், ஆம்ப்ளியோ 12 வோல்ட்டுக்கானது. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பதால் நடுவிலிருந்து ஒரு வயர் எடுத்து ஒரு பேட்டரியை மட்டும் ஆம்ப்ளிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒன்று காய்ந்துகொண்டே போகும், கூட இருப்பது அளவுக்கு மேல் ஏறி வேகும். இரண்டும் சேர்ந்து சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் பேட்டரி விலையில் ஒரு பங்குதான். இருந்தும் செலவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் குறைய வேண்டும் என்பதே முதலாளியின் கணக்கு.

பேருந்துப் பெட்டியின் கதவை நான் இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. நண்பரின் காரில் மூடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன் இளைஞர் ஆம்ப்ளியை ஒருமுறை திருப்பி வைத்தார். கெயின் திருகாணியும் வயர் முனைகளும் உள்பக்கம் பார்த்தால் பார்க்க நன்றாக இருக்கும். வெளிப்பக்கம் பார்த்தால் மூடியைக் கழற்றியதும் ஸ்க்ரூ டிரைவர் நேராகப் போகும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஏன் என்று நண்பர் கேட்டதற்கு, "நாளைக்கு வேற யாராச்சும் தொறப்பாங்கள்ல சார், அவங்க திட்டக்கூடாது" என்றார். இந்தத் தொழிலில் நான் பார்த்த அத்தனை மாட்டல்களிலும் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது இந்த ஒரு யோசனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாட், தகடு, வயரின் தடிமன் எல்லாம் கற்றுக்கொள்ளலாம். அடுத்துத் திறக்கப்போகிற, பெயர் தெரியாத கையை இப்போதே நினைத்துப்பார்ப்பவர் குறைவு. அந்த நினைப்பு இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடுகின்றன: கை போகிற இடத்தில் காற்றும் போகும், எளிதில் எட்டுகிற வயர் எளிதில் உரசுவதில்லை, திறந்து பார்க்க முடிகிற எர்த் துருப்பிடித்தால் தெரிந்துவிடும்.

அப்படித் திறந்து பார்க்கக்கூடிய கைகளில் காப்பீட்டுக்காரருடையதும் ஒன்று. வெளியில் வாங்கி மாட்டிய மின்சாதனத்தைத் தனியாகச் சொல்லி, அதற்கும் பிரீமியம் கட்டியிருந்தால்தான் வெள்ளத்துக்குப் பின் அதன் பேரில் ஏதாவது கேட்க முடியும். பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இப்போது ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு மின்சாரக் கார்களும் வருகின்றன. அங்கே பழைய பாடங்களில் பாதி செல்லாது. ஆல்டர்னேட்டர் இல்லை, ஆகவே ஙொய் இல்லை. பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை இறக்கித் தரும் கன்வெர்ட்டர் பெட்டி ஆல்டர்னேட்டரின் வேலையைப் பார்க்கிறது. அதன் கொள்ளளவு இவ்வளவுதான் என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்தது, அதில் நம் 50 ஆம்பியருக்கு இடம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் சத்தம் இல்லாததால் அதே ஆம்ப்ளி குறைந்த சத்தத்திலேயே நிறைவாகக் கேட்கும், ஆகவே பலருக்குப் பெரிய பெட்டியே தேவைப்படாது. ஆனால் தரை இனி வெறும் தரை இல்லை. பெரும்பாலான மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி தரைக்கு நேர் கீழே, சில நூறு வோல்ட்டோடு படுத்திருக்கிறது. ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் அங்கிருந்துதான் ஓடுகின்றன. குனிந்து பார்த்துவிட்டுத் துளை போடு என்ற பாடத்துக்கு அங்கே வேலையில்லை, துளையே கிடையாது. கம்பெனி போட்ட போல்ட்டுகளில் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று பார்த்து, தொடலாம் என்பவற்றில் வளைத்த தகட்டை மாட்டி, அந்தத் தகட்டில் பெட்டியை நிறுத்த வேண்டும். கூலியில் பெரும் பங்கு இனி ஆம்ப்ளி மாட்டுகிறவருக்கு அல்ல, தகடு வளைப்பவருக்குப் போகும்.